மலிவு விலைப் பப்பில் கால் வைக்கலாமா?



ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கும்போது வாங்குகிறவர் மகிழ்கிறார். அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்பவரோ ஆயிரத்தில் ஒருவர். ஆனால் பிரித்தானியாவில் ஒரு வணிகத்தைக் குறித்து மட்டும் இக்கேள்வியைச் சாதாரண மக்களே பல ஆண்டுகளாக உரக்கக் கேட்டு வருகின்றனர். அதுதான் மலிவு விலைப் பப். "எனக்கு ஏற்ற இடம் அதுவே" என்பார் ஒருவர். "அதன் வாசற்படியை மிதியேன்" என்பார் மற்றொருவர். ஒரே குடும்பத்தில், ஒரே அலுவலகத்தில் இருவகையினரும் உண்டு. நம் பங்குகளிலிருந்து கல்விக்கும் பணிக்குமாக அந்நாடு சென்றுள்ள பிள்ளைகளும், உடன் பணியாற்றுவோர் அழைக்கும்போது இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவராகின்றனர். ஆகவே இத்திங்கள் இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊர் டாஸ்மாக் கடையை மனத்தில் வைத்துக்கொண்டு பப்பை எடைபோட்டால் தவறாகவே முடியும். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கமே பப். அதாவது, எவரும் வந்து அமரக்கூடிய பொது இல்லம். மது அங்கே விற்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் உணவு உண்பதும், ஊர்ச் செய்தி பேசுவதும், ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை எல்லாச் சடங்குகளுக்கும் பின் உறவினர் கூடுவதும் அங்கேதான். மழையும் குளிரும் மிகுந்த நாட்டில் அது ஊர்த் திண்ணை போன்றது.

ஒரு நிறுவனத்தின் கதை

மலிவு விலைப் பப் என்றவுடன் அந்நாட்டார் அனைவரும் நினைப்பது வெதர்ஸ்பூன் என்னும் நிறுவனத்தையே. சட்டம் பயின்ற டிம் மார்ட்டின் என்பவர், 1979-ஆம் ஆண்டு டிசம்பரில், வட லண்டனைச் சேர்ந்த மஸ்வெல் ஹில் பகுதியில் தம் முதல் பப்பைத் திறந்தார். நியூசிலாந்தில் தாம் பயின்ற காலத்தில் வகுப்பை அடக்கியாள முடியாமல் திணறிய ஓர் ஆசிரியரின் பெயரையே தம் நிறுவனத்திற்குச் சூட்டினார் என்பர். 1992-இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் 950-க்கும் மேற்பட்ட கிளைகளைக் கொண்டிருந்த அந்நிறுவனத்திற்கு, அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 800 கிளைகள் உள்ளன.

இது வளர்ந்ததற்கு ஒரு சட்டமும் காரணமாயிற்று. முற்காலத்தில் பெரும்பாலான பப்புகள் பீர் வடிக்கும் ஆலைகளின் உடைமையாக இருந்தன. அந்த ஆலையின் பீரையே, அது வைத்த விலைக்கே, பப் நடத்துபவர் வாங்க வேண்டும். 1989-இல் வந்த அரசாணை, 2,000-க்கு மேற்பட்ட பப்புகளை வைத்திருந்த பேராலைகளின் பிடியைத் தளர்த்தியது. எவர் ஆலைக்கும் கட்டுப்படாத வணிகர், பல ஆலைகளிடம் பேரம் பேசிப் பெருமளவில் கொள்முதல் செய்ய வழி அகன்றது. மொத்தமாக வாங்குவது, விரைவாக விற்பது, குறைந்த இலாபத்தைப் பல கோப்பைகளிலிருந்து சேர்ப்பது என்பதே வெதர்ஸ்பூன் கையாளும் முறை.

கைவிடப்பட்ட பெரிய கட்டடங்களை அது தேடி வாங்கியது. கிளாஸ்கோவில் ஒரு பழைய வங்கி, மான்செஸ்டரில் ஒரு பழைய திரையரங்கு, டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் 1902-இல் எழுந்த இசை நாடக அரங்கு ஆகியன இன்று அதன் கிளைகள். இடிந்து போயிருக்கக்கூடிய பல கட்டடங்களின் கூரையும் சித்திர வேலைப்பாடும் இதனால் பிழைத்தன என்பதை அதன் பகைவரும் மறுப்பதில்லை.

ஆதரிப்போர் கூறுவது

பையில் சில பவுண்டுகளே உள்ள முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காலையிலேயே கதவு திறந்திருக்கிறது. ஒரு கோப்பைக் காபிக்குக் காசு கொடுத்தால், பெரும்பாலான கிளைகளில் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். இரைச்சலிடும் இசை கிடையாது. செய்தித்தாள் படித்துக்கொண்டு மணிக்கணக்கில் வீற்றிருந்தாலும் 'எழுந்து போ' என்று சொல்வாரில்லை. வீட்டில் தனியாகக் குளிரில் நடுங்குவதைவிட இது மேலன்றோ? மாணவர், ஓய்வூதியர், கைக்குழந்தையோடு வரும் ஏழைத் தாய் ஆகியோர் வெளியே சென்று உண்ணும் இன்பத்தை நுகர்வதற்கு வேறு இடம் ஏது? வியாழக்கிழமைதோறும் நம் நாட்டுக் கறியும் சோறும் அப்பளமும் குறைந்த விலையில் பரிமாறும் வழக்கமும் அங்கே நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. "அங்கே போகிறவர்களைப் பழிப்பது, ஏழைகளின் இன்பத்தைப் பழிப்பதாகும்" என்று இவர்கள் வாதிடுகின்றனர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

எதிர்ப்போர் கூறுவது

எதிர்ப்போர் நான்கு குறைகளை எடுத்துரைக்கின்றனர்.

முதலாவது, உரிமையாளரின் அரசியல். 2016-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று நடந்த வாக்கெடுப்பில் மார்ட்டின் விலகலுக்காக முழுமூச்சாய்ப் பாடுபட்டார். பீர்க் குவளையின் கீழ் வைக்கும் அட்டைகளில் கூடத் தம் கருத்தை அச்சிட்டார். மறுதரப்பினர் பலர் அன்றோடு அங்கே போவதை நிறுத்தினர்.

இரண்டாவது, தொழிலாளர் நிலை. 2018 அக்டோபர் 4-ஆம் நாள் பிரைட்டன் நகரிலுள்ள இரு கிளைகளின் பணியாளர், மணிக்கு 10 பவுண்டு ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பப்புகள் மூடப்பட்டபோது, 40,000-க்கும் மேற்பட்ட பணியாளருக்கு மார்ட்டின் ஓர் ஒளிப்பதிவுச் செய்தி அனுப்பினார். அரசின் உதவித் தொகை வந்த பிறகே அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கும் என்பதும், விரும்புவோர் பேரங்காடிகளில் வேலை தேடிக்கொள்ளலாம் என்பதும் அதிலிருந்து மக்கள் புரிந்துகொண்டவை. பெருஞ்சினம் எழுந்தது. தம் சொற்கள் திரிக்கப்பட்டன என்று மார்ட்டின் பின்னர் வாதிட்டார். சில செய்தி நிறுவனங்கள் திருத்தமும் வெளியிட்டன. ஆயினும் பலர் மனத்தில் அந்த வடு ஆறவில்லை.

மூன்றாவது, சிறிய பப்புகளின் அழிவு. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த பிரித்தானியப் பப்புகள் 2024-இல் ஏறத்தாழ 45,000 ஆகக் குறைந்தன. மூலைக்கடை பப்பின் உரிமையாளருக்கு வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் துக்கம் என்பதும் தெரியும். அந்தக் கடை மூடினால் அந்த அறிவும் மறைகிறது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் 'தி மூன் அண்டர் வாட்டர்' என்ற பெயரில் ஒரு கற்பனைப் பப்பை விவரித்துக் கட்டுரை எழுதினார். வானொலி இரைச்சல் இல்லாததும், பணிப்பெண்கள் பெரும்பாலோரைப் பெயரால் அறிந்ததுமான இடம் அது. வெதர்ஸ்பூன் தன் கிளைகள் சிலவற்றுக்கு அப்பெயரையே சூட்டியுள்ளது. அமைதியை அது தந்துவிட்டது. ஆனால் கைப்பேசியில் தட்டினால் மேசைக்குக் கோப்பை வந்து சேரும் இடத்தில், பெயர் சொல்லி அழைப்பவர் எங்கே என்று கேட்கின்றனர்.

நான்காவது, மலிவான மது குடிப்பழக்கத்தை வளர்க்கும் என்னும் அச்சம்.

நிறுத்துப் பார்ப்போம்

இவற்றை ஒரே எடையாக நிறுப்பது நீதியாகாது.

அரசியல் கருத்தை முதலில் எடுப்போம். நம் கருத்துடையவரிடம் மட்டுமே அரிசி வாங்குவோம் என்றால் சந்தைக்கே போக முடியாது. அந்த வாக்கெடுப்பில் நாடு 52-க்கு 48 என்று ஏறத்தாழச் சரிபாதியாய்ப் பிளந்தது. ஒரே மேசையில் இருதரப்பாரும் அமர்ந்து குடித்தனர். எனினும் குவளைக்கு அடியிலேயே பிரசாரம் செய்பவர், குவளையை மறுப்பவரைக் குறைகூற முடியாது. இது அவரவர் விருப்பத்திற்கு விடவேண்டிய செய்தி.

சிறு பப்புகளின் அழிவுக்கு மலிவு விலை நிறுவனம் ஒன்றே காரணம் என்பதும் முழு உண்மையன்று. 2007-இல் இங்கிலாந்தில் வந்த புகைத் தடை, எரிபொருள் விலை, இளைஞர் முன்போல் குடியாமை எனக் காரணங்கள் பல. பேரங்காடியில் வாங்கும் உணவில் பெரும்பகுதிக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. பப்பில் உண்டால் 20 விழுக்காடு வரி. இது போதாதென்று, 1989 ஆணைக்குப் பின் ஆலைகளிடமிருந்து பப்புகளை வாங்கிய பெருநிறுவனங்கள், குத்தகைதாரர் தம்மிடமே அதிக விலைக்குப் பீர் வாங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016-இல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பே இதற்கு ஓரளவு நிவாரணம் தந்தது. சிறிய கடைக்காரரின் கழுத்தில் பல கயிறுகள். வெதர்ஸ்பூன் அவற்றுள் ஒன்று.

குடியைப் பற்றியோ, ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 மில்லிலிட்டர் தூய சாராயத்தை ஓர் அலகு என்பர். வாரம் 14 அலகுக்கு மேல் வேண்டாம் என்பது அந்நாட்டுத் தலைமை மருத்துவர்கள் 2016-இல் தந்த அறிவுரை. நான்கு விழுக்காடு வலிமையுள்ள ஒரு பைன்ட் பீரில் ஏறத்தாழ 2.3 அலகு உள்ளது. எனவே ஆறு பைன்ட்டில் வார அளவு முடிந்துவிடும். ஸ்காட்லாந்து 2018-இல் அலகுக்கு 50 பென்ஸ் என்று குறைந்தபட்ச விலை வைத்து, 2024-இல் அதனை 65 பென்ஸாக உயர்த்தியது. அந்தக் கணக்குப்படி ஒரு பைன்ட்டின் குறைந்தபட்ச விலை ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு. மலிவு விலைப் பப்பிலும் பொதுவாக அதற்கு மேலேதான் விற்கிறது. அச்சட்டம் குறிவைத்தது பேரங்காடியில் வாங்கி வீட்டில் தனியே குடிக்கும் மலிவுப் புட்டிகளையே. ஆயினும் தன்னைக் கட்டுப்படுத்த இயலாதவருக்கு மலிவான கோப்பை கண்ணிதான், அதில் ஐயமில்லை. அப்படிப்பட்டவர் பிறர் காசில் ஒரு கோப்பை வந்தாலும் உள்ளே போகலாகாது. அவரை வற்புறுத்தி அழைப்பவர் நண்பருமல்லர்.

எஞ்சுவது தொழிலாளரின் கூலி. இதுவே எல்லாவற்றினும் எடை மிகுந்தது. மலிவு என்பது சிக்கனத்தால் வந்ததாயின் அது வரம். உழைத்தவன் கூலியைக் குறைத்து வந்ததாயின் அது கடன், வேறொருவர் தலையில் ஏற்றிய கடன். இதனை வெதர்ஸ்பூனிடம் மட்டுமன்றி, அதைவிட இருமடங்கு விலை வாங்கும் நாகரிகப் பப்பிடமும் கேட்க வேண்டும். விலை உயர்ந்த இடத்தில் கூலியும் உயர்ந்ததாக இருக்கும் என்பதற்கு உறுதி ஏது?

ஒரு கர்தினாலின் முன்மாதிரி

இவ்வினா புதியதன்று. 1830-இல் இரண்டு கினி கட்டி எவரும் பீர்க்கடை திறக்கலாம் என்று பிரித்தானியச் சட்டம் அனுமதித்தபோது, "ஏழைக்கு மலிவான பானம்" என்று சிலர் மகிழ்ந்தனர். "ஏழைக்குக் கேடு" என்று சிலர் அழுதனர். 1832-இல் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சி என்பவரும் வேறு அறுவரும் மதுவை முற்றிலும் விலக்குவதாக உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராயிருந்த கர்தினால் மானிங்கும் மதுவைத் துறந்து, 1870-களில் தொழிலாளரிடையே மதுவிலக்குச் சபை ஒன்றை நிறுவினார்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 1889-இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, எண்பது வயதைக் கடந்திருந்த அவர் இருதரப்பாரிடமும் நடந்து, பேசி, உடன்பாட்டுக்கு வழிவகுத்தார். குடியாதே என்று சொன்ன வாயே கூலியைக் கொடு என்றும் சொன்னது. அதே 1870-களில் லிவர்பூல் முதலிய நகரங்களில் மதுவிலக்கு அன்பர் காபி இல்லங்களைத் திறந்தனர். தொழிலாளி பப்பை நாடுவது மதுவுக்காக மட்டுமன்று, வெளிச்சத்துக்கும் கணப்புக்கும் துணைக்கும் ஆகவே என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். வேறு இருக்கை தராமல் "எழுந்து வா" என்று அழைப்பதில் பயனில்லை என்று உணர்ந்தனர்.

ஆகவே

போகிறவரும் போகாதவரும் ஒருவரையொருவர் இழிவாக எண்ணாதிருப்பது முதற்கடமை. போகிறவர் மேசையைத் துடைப்பவருக்கு முகம் பார்த்து நன்றி சொல்லட்டும். அவர் கூலிக்காகக் குரல் எழுப்பும் நாளில் அவர் பக்கம் நிற்கட்டும். இயன்றபோது மூலைக்கடைக்கும் ஒருமுறை சென்று வரட்டும். மது வேண்டாதவர் காபியோடு எழுந்து வருவதில் வெட்கம் ஏதுமில்லை.

போகாதவருக்கும் ஒரு வினா உண்டு. நீங்கள் புறக்கணித்த அந்த அறையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு வேறு எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள்? 2022-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எரிபொருள் விலை ஏறியபோது, பிரித்தானியாவின் நூலகங்களும் பல ஆலய மண்டபங்களும் கதவைத் திறந்து, வெப்பமூட்டி, தேநீர் கொடுத்து, வந்தவரை உட்காரச் செய்தன. எவரையும் 'ஏன் வந்தாய்' என்று கேட்கவில்லை. புறக்கணிப்புக்கு அது போன்ற ஒரு திறந்த கதவு துணைநின்றால், அது வெறும் கோபமாக முடியாது, அறமாக விளங்கும்.

கடல் கடந்து வாழும் உங்கள் பிள்ளை "போகலாமா?" என்று கேட்டால், 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். "யாரோடு போகிறாய்? எவ்வளவில் நிறுத்துவாய்? உனக்குப் பரிமாறியவரை மனிதராக நடத்தினாயா?" என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொல்லத் தெரிந்த பிள்ளை எந்த வாசலுக்குள் போனாலும் வழி தவறாது.