சோதனைக்கும் எழுத்தாளருக்கும் ஆறாம் வகுப்பு வரை காத்திருக்கலாமா?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் அறிவியல் சோதனைகளைக் கொண்டுசேர்க்க 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. அதே ஆண்டு ஜூனில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பெயருக்கேற்ப எண்ணிலும் எழுத்திலும் நிற்கிறது. பிள்ளைகள் ஓயாமல் ‘ஏன்’ என்று கேட்கும் வயதில், பதிலைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க வகுப்பில் இடமில்லை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தோல் தொழில் ஊர்களில் இந்த இடைவெளிக்குச் சாக்கே சொல்ல முடியாது. சோதனைக்கு வேண்டிய பொருள்கள் அங்கே தெருக்கோடி நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கின்றன.

கடுக்காயையே எடுத்துக்கொள்வோம். குரோமியம் வருவதற்கு முன் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டுதான். நாலு கடுக்காயைத் தட்டி ஓரிரவு ஊறவைத்தால் மங்கலான பழுப்பு நீர் கிடைக்கும். அதில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு, “நாளைக்கு என்ன நிறம் இருக்கும்?” என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைப் படமாக வரைந்து வைக்கட்டும். மறுநாள் தண்ணீர் கறுத்திருக்கும். குச்சியால் தொட்டுத் தாளில் பெயர் எழுதலாம். பழைய காலத்து மை இப்படித்தான் செய்யப்பட்டது. கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து மையாகிறது, தோலின் புரதத்தோடு சேர்ந்து அதை அழுகாமல் காக்கிறது. ‘டானின்’ என்ற பெயர் ஏழு வயதுக்குத் தேவையில்லை. ஊகித்தது ஒன்று, நடந்தது வேறு என்று பார்ப்பதே அந்த வயதுக்கான பாடம்.

மஞ்சள் தடவிய தாள் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஒரு கிண்ணப் பச்சைப்பயற்றுக்கு நல்ல தண்ணீரும் இன்னொன்றுக்கு உப்புத் தண்ணீரும் ஊற்றினால், எது முளைக்கிறது என்பது சில நாளில் தெரிந்துவிடும். பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இது வெறும் பாட விஷயம் அல்ல. தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு, கழுவும்போது கழிவுநீரில் கலக்கிறது. அந்தக் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் சோதனை வீட்டிலும் நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும் பொருள்களோடு நின்றுவிட வேண்டும். தொழிற்சாலைக் கழிவுநீரோ தோல் துண்டோ வகுப்புக்குள் வரவே கூடாது. சுண்ணாம்பை ஆசிரியரே கையாளட்டும்.

வாசிப்பிலும் இதே குறை உண்டு. அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் சின்னஞ்சிறு புத்தகங்கள் நல்ல முயற்சி; ஆனால் வாசிக்கும் திறனைப் பார்த்து நுழை, நட, ஓடு, பற என்று பிரிக்கப்பட்டவை. எழுதியவர் யார் என்று பிள்ளை கவனிக்க அந்தப் பிரிப்பில் வழியில்லை. ஒரு மாதம் முழுவதும் ஒரே எழுத்தாளரோடு இருந்தால் நிலைமை மாறும். அழ. வள்ளியப்பாவின் ‘லட்டும் தட்டும்’ பாட்டைப் பாடிய பிள்ளை, அவருடைய இன்னும் நாலு பாட்டைக் கேட்டதும், ஒரே ஓசை திரும்பத் திரும்ப வருவதைத் தானே கண்டுபிடித்து, அடுத்த பாட்டில் அது வருமா என்று ஊகிக்கும். ஆணி போட்ட கிண்ணத்தில் செய்த அதே வேலைதான். வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தால், பாட்டு எழுதுகிறவர் நம்மைப்போன்ற மனிதர்தான் என்பதும் புரியும்.

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி வகுப்புகளில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்காக, உருதுப் பாடநூல்களுக்கென்றே எழுதிய இஸ்மாயில் மீரட்டியின் பசுப் பாட்டையும் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பாட்டி சொல்லித் தந்த பாட்டைப் பள்ளியில் கேட்கிற பிள்ளை, அதைத் தமிழில் நண்பனுக்கு விளக்கத் தொடங்கும். தமிழ் வளர இதைவிட நல்ல வழி எளிதில் அகப்படாது.

நேரமில்லை என்பார்கள். ஓர் ஆசிரியரே பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளிகளில் இந்தக் குறை நியாயமானதே. பயிற்சிப் புத்தகத்தை நிரப்புவதும் செயலியில் மதிப்பீட்டைப் பதிவதும் விழுங்கும் நேரத்தைக் குறைக்காமல் எந்தப் புதுமையும் நிலைக்காது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலும், கற்றல் அட்டைகள் பெருகப் பெருகச் செயலின் இடத்தை அட்டையே பிடித்துக்கொண்டது.

எனவே புதிய திட்டமும் புதிய பதிவேடும் வேண்டாம். வானவில் மன்றத்தின் கருத்தாளர் நடுநிலைப் பள்ளிக்கு வரும் நாளில் ஒரு பாடவேளையை அங்குள்ள சின்ன வகுப்புகளுக்கும் ஒதுக்கட்டும். வாரம் ஒரு சோதனை, மாதம் ஓர் எழுத்தாளர் என்று கால அட்டவணையில் எழுதி, அந்த நேரத்துக்கு மதிப்பீட்டுப் பதிவிலிருந்து விலக்கு தர வேண்டியது பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பு. மூன்று மாவட்ட நிர்வாகங்களும் வரும் ஜூனிலேயே இதைத் தொடங்க வேண்டும்.