இல்லமும் அறிவியலும்: ஈயச் சொம்பின் உள்ளே



சென்ற திங்கள் ஹட் பேயில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் உணவருந்தும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய அவ்வீட்டு அம்மையார், கப்பலில் கண்ணுங்கருத்துமாகக் கொண்டுவந்த புதிய ஈயச் சொம்பில் இரசம் வைத்திருந்தார். அதன் மணம் நம்மைத் தஞ்சைத் தரணிக்கே அழைத்துச் சென்றது. உண்டு எழுந்தபோது அவர் கேட்டார்: "கடைக்காரர் நல்ல ஈயம் என்றுதான் கொடுத்தார். அதை எப்படி அறிவது, ஐயா?" கேள்வி எளிது, விடை அத்துணை எளிதன்று. ஆகவே அதனையே இத்திங்களுக்குரிய பொருளாகக் கொண்டோம்.

தமிழில் ஈயம் என்பது இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். சொம்பு செய்யவும், பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்பூச்சிடவும் உரியது வெள்ளீயமே. காரீயமோ நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குன்றச் செய்யும்; தாயின் வழியே கருவிலுள்ள சிசுவையும் தாக்கும். தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காரீயத்திற்கு அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. புளி, எலுமிச்சை, தக்காளி முதலியவற்றின் புளிப்பு, காரீயத்தைக் கரைத்து உணவில் சேர்க்க வல்லது. மலிவு கருதி வெள்ளீயத்தோடு சிறிது காரீயத்தைக் கலந்து வார்த்துவிட்டால், அக்கலப்பைக் கண்ணால் கண்டறிதல் அரிது.

எடையால் அறியலாமோ எனில், வெள்ளீயம் தண்ணீரைவிட ஏறத்தாழ 7.3 மடங்கு கனமுடையது, காரீயம் 11.3 மடங்கு. ஆனால் நூற்றுக்குப் பத்துப் பங்கு காரீயம் கலந்தாலும் அக்கலவையின் கனம் 7.6 மடங்கு அளவிலேயே நிற்கும். வீட்டுத் தராசு இந்த நுண்ணிய வேறுபாட்டைக் காட்டிக் கொடுக்காது.

கண்ணும் தராசும் தோற்கும் இடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி துணை வருகிறது. 1931-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மாக்ஸ் நோல், எர்ன்ஸ்ட் ருஸ்கா ஆகிய இருவரும் இக்கருவியின் முதல் வடிவத்தை அமைத்தனர். பொருளின் மேற்பரப்பை வரிவரியாக வருடிப் படம் தரும் வகை 1965-இல் விற்பனைக்கு வந்தது. இதில் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றை பாய்ச்சப்படுகிறது. பாய்ந்த எலக்ட்ரான்களுள் ஒரு பகுதி, அணுக்கருக்களால் திருப்பப்பட்டு வெளியே மீள்கின்றது. அணு எண் பெரிதாக இருப்பின் மீள்வனவும் மிகுதி. கரியின் அணு எண் 6. அதில் பாயும் நூறு எலக்ட்ரான்களில் ஏறத்தாழ ஆறு மீளும். காரீயத்தின் அணு எண் 82. அதிலிருந்து ஏறத்தாழ ஐம்பது மீளும். மிகுதியாக மீளும் இடம் படத்தில் வெளுத்தும், குறைவாக மீளும் இடம் கறுத்தும் தோன்றும்.

வெள்ளீயத்தின் அணு எண் 50. உருகிய நிலையில் இவ்விரண்டு உலோகங்களும் ஒன்றாய்க் கலந்திருக்கும். குளிர்ந்து இறுகும்போதோ பெரும்பாலும் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துவிடும். அத்தகைய கலவையில் சிறு துண்டை அறுத்து, மெருகிட்டு, இக்கருவியில் வைத்தால், சாம்பல் நிற வெள்ளீயத்தின் நடுவே காரீயத் திட்டுகள் வெள்ளை வெளேரென்று மின்னும். கருமையால் நாம் பெயரிட்ட உலோகம் இங்கே வெண்மையால் காட்டிக் கொடுக்கப்படுகிறது!

எனினும் ஓர் எச்சரிக்கை. படத்தின் வெண்மையும் கருமையும் "இங்கே வேறு பொருள் உளது" என்று சுட்டுமேயன்றி, அதன் பெயரைச் சொல்லா. ஹேமடைட் என்னும் இரும்புத் தாதும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டும் முற்றிலும் வேறானவை. ஆயினும் இரண்டின் சராசரி அணு எண்ணும் ஏறத்தாழ 20.6 ஆதலின், படத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். பெயர் சொல்வது எக்ஸ் கதிரே. ஒவ்வொரு தனிமமும் தன் அணு எண்ணுக்கேற்ற எக்ஸ் கதிரை வெளியிடும் என்பதை 1913-இல் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கிலேய இளைஞர் நிறுவினார். எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்திலிருந்து எழும் எக்ஸ் கதிரை அளந்தால், அது காரீயமா அன்றா என்பது ஐயமின்றித் தெரியும்.

இதற்காக அம்மையார் தம் சொம்பை அறுக்க வேண்டுவதில்லை. ஊரில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் நிலையங்கள் பலவற்றில், எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, மீண்டு எழும் எக்ஸ் கதிரால் உலோகத்தை அறியும் கருவி உண்டு. அதுவும் மோஸ்லி கண்ட நெறியில் இயங்குவதே. பாத்திரத்திற்குச் சேதமில்லை. வெள்ளீயம், காரீயம் இரண்டையும் பார்த்துச் சொல்ல இயலுமா என்று முன்னரே கேட்டுக்கொள்க. பூச்சிட்ட பாத்திரமாயின் பூசிய உட்புறத்தைக் காட்டுக.

அடுத்த பயணம் வரையில் அச்சொம்பு அலமாரியில் இருக்கட்டும்; இரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கட்டும். ஐயத்திற்குரிய பாத்திரத்தில் நெடுநாள் சமைத்த இல்லங்களில் குழந்தைகள் இருப்பின், மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் காரீயம் உளதா என்று சோதிப்பது நலம். இதனை அம்மையாரிடம் நாம் கூறியபோது, "மணம் சற்றுக் குறையுமே!" என்று நகைத்தார். ஆயினும், நாம் விடைபெறும் முன்பே சொம்பைத் துடைத்து மேல்தட்டில் எடுத்து வைத்துவிட்டார்.