கதைக்குத் தமிழ் பற்றாதா?

தனித்தமிழில் பாட்டெழுதலாம், மேடையில் முழங்கலாம், ஆனால் கதையெழுத இயலாது என்னும் கூற்று நெடுநாளாய் இந்நாட்டில் உலவி வருகின்றது. எழுத்துப் பயிற்சிக் கூட்டங்களில் இளையோர் செவியில் இஃது ஓதப்படுகின்றது. கதைமாந்தர் உயிரோடு பேசக் கலப்புநடையே வேண்டுமாம்! தூயசொல் நுழைந்தால் கதை செத்துவிடுமாம்! இவ்வாறு சொல்வோர் ஒருநாளேனும் நாகர்கோவிலின் ஒழுகினசேரிப் பாலத்தைக் கடந்து, வயல்வரப்பில் நின்று உழவர் பேச்சுக்குச் செவிகொடுத்ததுண்டா?

நாஞ்சில்நாட்டு உழவன் நெல்விளைவின் இரு பருவங்களையும் கன்னிப்பூ, கும்பப்பூ என்றான். கன்னியும் கும்பமும் எம்மொழி என்று வழக்காடுவோர் ஆடிக்கொள்க. ஒரு பருவத்து விளைவைப் ‘பூ’ என்று கண்டானே, அந்தக் கண் எவருடையது? பரந்த வயல்வெளியை அவன் ஏலா என்றான். உழுது குழைத்த சேற்றைத் தொளி என்றான். கதிரடிப்பைச் சூடடிப்பு என்றான். குளச்சற் கடற்கரையில் கீழ்க்காற்று கொண்டல், மேல்காற்று கச்சான். கரையிலிருந்து இழுக்கும் வலை கரைமடி. பனையேறுபவன் பாளை சீவிக் கலயம் கட்டுகின்றான். இத்தனை சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு, கதைக்குத் தமிழ் பற்றவில்லை என்பது நெற்குதிரின் மேல் அமர்ந்து இரந்துண்பதற்கு ஒப்பாகும்.

கதைசொல்லும் கலைக்கும் இம்மண்ணில் ஆசான் உண்டு. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இயற்றிய ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாவடிவினது. எனினும் அது கதையே. (மான்மியம் வடசொல்தான், தலைப்பில் புகுந்த அயற்சொல் உள்ளிருக்கும் பெண்ணின் வாயைக் கெடுக்கவில்லை.) காரணவன் ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாய் வாழ்க்கைப்பட்டவள் தன் துயரைத் தானே சொல்லுகின்றாள். புலவர் இடைபுகுந்து மருமக்கள் தாயம் தீது என்று முழங்கவில்லை. கணவனின் பொருள் தன் வயிற்றில் பிறந்தார்க்குச் சேராமல் அவன் உடன்பிறந்தாள் மக்களுக்குப் போவதை அவள் வீட்டுப்பேச்சிலேயே சொல்லச்சொல்ல, கேட்பவன் நெஞ்சு தானே தீர்ப்பெழுதிக்கொள்கின்றது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் இயற்றி அம்முறைக்கு முடிவுகட்டிற்று. ஒரு நூலே அதனைச் செய்துவிட்டது என்பது மிகை, போராடியோர் பலர். ஆயினும் நூறு மேடைகளால் ஆகாத வேலையை அந்த ஒருத்தியின் குரல் செய்தது.

பின்வந்தோரும் இவ்வழியைக் கைவிட்டாரல்லர். ஆங்கிலப் பேராசிரியராயிருந்த எப்சிபா யேசுதாசன் ‘புத்தம் வீடு’ (1964) எழுதியபோது, ஆங்கிலத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டுப் பனங்காட்டு மக்களின் பேச்சை எடுத்துக்கொண்டார். நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் பேச்சால் நிற்கின்றது. நாஞ்சில் நாடனுக்கு 2010-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த நூலின் பெயர் ‘சூடிய பூ சூடற்க’. சூடற்க! இலக்கணநூலில் மட்டுமே வாழ்வதாய்ச் சொல்லப்பட்ட எதிர்மறை வியங்கோள் ஒரு சிறுகதைத் தொகுதியின் முகப்பில் எழுந்து நிற்கின்றது.

சுந்தர இராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) நாகர்கோவில் சந்தியில் நின்ற ஒரு மரத்தைக் கொண்டே ஊரின் வணிகத்தையும் தேர்தலையும் பேராசையையும் சொல்லிவிடுகின்றது. ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு ஓர் ஊரையே காட்டும் திறத்தை இளையோர் அங்கே கற்கலாம். ஆனால் அவருடைய ‘சே.சே: சில குறிப்புகள்’ (1981) எவனைத் தலைவனாக்கியது? ஒரு மலையாள எழுத்தாளனை! குறிப்புகளாலும் நாட்குறிப்பாலுமே ஒரு மாந்தனைக் கட்டியெழுப்பிய வடிவம் புதிது. அதனை மறுப்பார் இலர். எனினும், தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டி 1954 ஆகசுட்டு 11-இல் குண்டுக்கு மார்பு காட்டிய மண் இது. 1956 நவம்பர் 1-இல் இணைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னும், அறிவுத்தலைவன் ஒருவனைத் தேடத் தமிழ் எழுத்தாளன் எல்லைக்கு அப்பால்தான் செல்லவேண்டுமா?

இனி, இயலாது என்போர் வாயை அடைக்கும் சான்று அதே நாகர்கோவிலில் உள்ளது. அங்கு வாழும் செயமோகன் 2005-இல் ‘கொற்றவை’ என்னும் பெரும்புதினத்தை வெளியிட்டார். கண்ணகி கதையை நீர், காற்று, நிலம், எரி, வான் என ஐந்து பகுப்பாக்கி, அயற்சொல் விலக்கிய தமிழில் எழுதினார். அவர் தனித்தமிழ் இயக்கத்தார் அல்லர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்று 2013-இல் நாளிதழில் எழுதித் தமிழ்நாட்டின் சினத்துக்கு ஆளானவர். அக்கருத்து அன்றும் தீது, இன்றும் தீது. ஆனால் தமிழெழுத்தையே மாற்றலாம் என்றவரின் கைக்கே பெரும்புதினம் எழுதத் தனித்தமிழ் போதியதாயிருந்தது என்றால், தமிழ்ப்பற்றாளர் கைக்கு மட்டும் ஏன் போதவில்லை?

இவ்வினாவுக்கு விடை கசப்பானது. தனித்தமிழ் அன்பர் பலரின் கதைகளில் தாயும் மகளும், வண்டியோட்டியும் வட்டாட்சியரும் ஒரே குரலில் பேசுகின்றனர்; அது மேடைக்குரல். மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ 1961-இல் விருது பெற்றது. அதன் தூயநடையைப் போற்றுவோர், அவர்தம் மாந்தர் அடிக்கடி அறவுரை ஆசிரியராகிவிடுவதையும் கண்டு விலகவேண்டும். 1916-இல் இயக்கங் கண்ட மறைமலையடிகள் இத்துறையை இழிவாய்க் கருதினாரல்லர். ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யை (1911) ஆங்கிலப் புதினம் ஒன்றைத் தழுவி எழுதிக் கைபழகினார், ‘கோகிலாம்பாள் கடித’ங்களில் (1921) ஒரு பெண்ணின் மடல்களைக் கொண்டே கதை நடத்தினார். தேரூரில் கவிமணி செய்ததும் அதுவே: பேசவேண்டியவளைப் பேசவிட்டு ஆசிரியன் ஒதுங்கி நிற்றல். கதைமாந்தன் வாயில் வரும் அயற்சொல் அவன் நோயைக் காட்டும். கதைசொல்லியின் வாயில் வந்தால் அது கதைசொல்லியின் நோய். இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லார் வாயையும் ஒரே நீரால் கழுவுவதும் பிழை, அது கண்டு அஞ்சிக் கலப்புநடைக்கு ஓடுவதும் பிழை.

காலமோ காத்திருக்கவில்லை. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியாயிற்று. சுற்றியுள்ள ஏலாக்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டு வீட்டுமனைகளாகின்றன. வயல் போனபின் தொளி என்னும் சொல்லை எங்கே கேட்பது? ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் உழவன் பெயரனுக்கு அதை யார் சொல்வார்? அகரமுதலி அதன் பொருளைச் சொல்லும். கணுக்கால் புதைந்த குளிர்ச்சியைக் கதைதான் சொல்லும்.

ஆகவே எழுத விழைவோர் விடியலில் வடசேரிச் சந்தைக்குச் செல்க. விலை பேசுவோர் குரலை ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதுக. எழுதியதை ஐந்துமுறை திருத்துக. தமிழ் இதழ்களின் ஆசிரியரும், கதை என்னும் பெயரில் வரும் சொற்பொழிவுகளை, எத்துணைத் தூயதமிழில் இருப்பினும், எழுதியவர்க்கே திருப்பி அனுப்புக.