கட்டடத்துக்கு முந்தியது மாணவர் சங்கம்

பல்கலைக்கழகம் என்றாலே எங்களுக்குக் கட்டடம்தான் கண்ணுக்குள் வருது. இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகம் தன் தொடக்கமாகச் சொல்லும் ஆண்டு 1088. அதன் வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த ஆர்க்கிஜின்னாசியோ மாளிகை திறந்ததோ 1563இல்! அதுவரை ஆசிரியர்களின் வீடுகளிலும் வாடகை அறைகளிலும்தான் பெரும்பாலும் படிப்பு நடந்தது.

அப்போ பல்கலைக்கழகம் எது? வெளியூரிலிருந்து சட்டம் படிக்க வந்த மாணவர்கள் சேர்ந்து அமைத்த சங்கம்தான். 'யுனிவெர்சித்தாஸ்' என்ற சொல் அதைத்தான் குறித்தது. தலைவரை அவர்களே தெரிவு செய்தார்கள். ஆசிரியருக்குக் காசு கொடுத்ததும் அவர்களே; வகுப்புக்குப் பிந்தி வந்தால் தண்டமும் அறவிட்டார்கள். எங்கட வரவுப் பதிவேட்டை நினைச்சால் சிரிப்புத்தான் வருது.

பிறகு நகரம் சம்பளம் கொடுக்கத் தொடங்க, மாணவரின் பிடி தளர்ந்தது. இன்று அந்த மாளிகை நகர நூலகம். அதன் சுவர்களில் பழைய மாணவரின் குடும்பச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கு. அதிகாரம் மிஞ்சவில்லை.

புதுக் கட்டடம் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பீடச் சபையில் மாணவருக்கென்று இரண்டு கதிரை இருக்கு. அதில் இருந்து வாய் திறந்து கதைக்காவிட்டால், நாங்களும் சுவர்ச் சின்னம்தான்.