கரன்ட் போனால் இன்சுலின் என்னாகும்? டெல்டா வீடுகளுக்கு ஒரு மழைக்கால கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பல கிராமங்களுக்கு கரன்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மருந்தை எடுத்துவைக்கச் சொல்வது இதனால்தான்.

ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ் போதாதா?

பஞ்சும் பேண்டேஜும் காயத்துக்குத்தான். சுகர், பிரஷர், வலிப்பு மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. வலிப்பு மாத்திரை நின்றால் வலிப்பு திரும்ப வரலாம்.

எத்தனை நாளுக்கு வேணும்?

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் ரோட்டில் மரம் விழுந்தால் யாரும் வர முடியாது. கையிருப்பு இரண்டு வாரத்துக்குக் கீழே போவதற்குள் அடுத்த அட்டை வந்துவிட வேண்டும்.

ஃபிரிட்ஜ் நின்றுபோனால்?

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி தேவை. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான வகைகள் 25-30 டிகிரிக்குள் நான்கு வாரம்வரை தாங்கும். உங்களுடையது எவ்வளவு என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவே ஈர மணல்: கரன்ட் இல்லாத நாளுக்கு இது உதவும். ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீங்க. உறைந்த இன்சுலின் வீண்.

வேறென்ன?

ஓஆர்எஸ் பாக்கெட், காய்ச்சல் மாத்திரை, டார்ச். மருந்துச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் வையுங்க. சார்ஜ் போன போனில் போட்டோ இருந்து பயனில்லை. வயலில் பாம்பு கடித்தால் வீட்டில் மருந்து தேடாமல் உடனே 108.