மணலில் எழுதிய சட்டாம்பிள்ளைகள்

லண்டனின் சவுத்வார்க் பகுதியில் சல்லடை செய்து பிழைத்த குடும்பத்தில் 1778-இல் பிறந்த ஜோசப் லங்காஸ்டர், குருமாரும் சடங்கும் இன்றி மௌனமாகக் கூடி வழிபடும் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர். ஏழைச் சிறுவர்களுக்காக 1798-இல் பள்ளி தொடங்கிய அவர், உதவி ஆசிரியர்களுக்குக் கூலி கொடுக்க இயலாமல், மூத்த மாணவர்களைக் கொண்டே இளையோருக்குப் பாடம் சொல்லவைத்தார்.

இம்முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தென்னார்க்காட்டிலும் பிற மாவட்டங்களிலும், திண்ணைப் பள்ளியில் பரப்பிய மணலில் விரலால் எழுதக் கற்ற பிள்ளைகளை, ஆசிரியருக்குத் துணையான சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவரே மேற்பார்த்தார். சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் மணலெழுத்தைக் கண்டு, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு அதைக் கற்பிக்கச் செய்தார். அவர் 1797-இல் வெளியிட்ட நூலால், மாணவரைக் கொண்டு கற்பிக்கும் இவ்வழி 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. தனியே தொடங்கிய லங்காஸ்டரும் பெல்லின் நூலிலிருந்து தாம் பெற்றதை முதலில் ஒப்புக்கொண்டார்; முறை யாருடையது என்ற பூசல் பின்னர்தான் மூண்டது.

திண்ணையில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் சுவடியையும் தாமே பார்ப்பார்; லங்காஸ்டரின் பள்ளியிலோ ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரை மணியோசைக்கும் கட்டளைக்கும் இயக்கினார். சிக்கனமே அங்கு இலக்கணமாயிற்று என்பதே லங்காஸ்டர் முறையின் பெருங்குறை. தண்டனையில் மட்டும் இரண்டும் நெருங்கிய உறவினர்: இங்கே பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம், அங்கே கூரையிலிருந்து தொங்கும் கூடை. அடியை வெறுத்த குவேக்கர் அவமானத்தை வெறுக்கவில்லை.

எனினும் திண்ணையைப் போற்றுவோர் ஒன்றை மறக்கலாகாது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்ட கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தின் 12,498 பள்ளிகளில் பயின்ற 1,88,650 பேருள் சிறுமியர் 4,540 பேரே. தீண்டாமைக்கு உட்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. லங்காஸ்டரோ சமயப் பிரிவு பாராமல் ஏழைகள் அனைவருக்கும் கதவு திறந்தார். பின்னர் கடனில் மூழ்கி, தம் பள்ளிகளை நடத்திய சங்கத்தாலும் விலக்கப்பட்டு, 1818-இல் அமெரிக்கா சென்று, 1838-இல் நியூயார்க்கில் வண்டி மோதி இறந்தார். ஊதியமில்லாச் சிறுவர் ஆசிரியருக்கு ஈடாகார் என்பது தெளிவானபின், 1846-இல் பிரிட்டன் அரசு உதவித்தொகை பெறும் மாணவ ஆசிரியர்களை ஏற்படுத்தியது.