சுவரில் தெறித்த ரத்தத்தை யார் படிப்பது?

ரத்தக்கறையைப் படிப்பது எப்படி என்று காவல் துறைக்கு அறிமுகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை பெறக்கூடிய குற்றம் என்றால் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது. இதைச் செய்ய மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதுவரை கறை காத்திருக்குமாம்! சரி, பயிற்சி கொடுக்கட்டும். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தப் பேச்சைக் கேட்கும்போது எங்களுக்கு ஒரு கேள்வி வருகிறது. ரத்தம் என்ன பேசும் என்று தெரியாமலா சாத்தான்குளத்தில் அதைக் கழுவினார்கள்?

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் நிலையத்தில் வைத்து விடிய விடிய அடித்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன் செத்தார். மறுநாள் விடியலில் அப்பா. சிந்திய ரத்தத்தைப் பென்னிக்ஸையே அவர் உடையால் துடைக்க வைத்தார்கள் என்றும், மறுநாள் துப்புரவுப் பணியாளரை அழைத்து மிச்சத்தைக் கழுவச் சொன்னார்கள் என்றும் சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் சொன்னது. ரத்தம் தோய்ந்த துணிகள் மருத்துவமனைக் குப்பைத் தொட்டிக்குப் போயின. ஒரு டெராபைட் இடம் இருந்தும் கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. இதெல்லாம் பயிற்சி இல்லாதவர்களின் வேலையா? எதை அழிக்க வேண்டும் என்று பாடமாகத் தெரிந்தவர்களின் வேலை.

அந்த நிலையத்தில் ரத்தக்கறையின் மதிப்பைச் சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர், தலைமைக் காவலர் ரேவதி. விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனிடம் அவர் சொன்னது சுருக்கமான விஷயம். லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள். நடுவரையே ஒருமையில் பேசிய இடம் அது. அதன் பிறகுதான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது, தடயங்களை எடுக்கச் சொன்னது. கழுவிய பிறகும் சுவரில் மிஞ்சிய கறையின் டி.என்.ஏ. செத்தவர்களோடு ஒத்துப்போனது. போலீசைப் போலீஸ் நிலையத்திலிருந்து விலக்கி வைத்த பிறகுதான் ரத்தம் வாய் திறந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செத்தவர்கள் தலித்துகள் அல்ல, நாடார் வணிகர்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். வணிகர் சங்கங்கள் கடையடைத்தன, நாடே பேசியது. பேசியது நியாயம். அத்தனை பேச்சு எழுந்தும் தடயத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடு என்றால், கடையும் இல்லாத, சங்கமும் இல்லாத காலனிக்காரன் ரத்தத்துக்கு எவன் காவல் நிற்பான்?

பயிற்சியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று நம் மக்களுக்கும் தெரியட்டும். நேராக விழும் துளி வட்டமாக இருக்கும். சாய்ந்து வந்து விழுந்தால் நீள்வட்டமாகும். அகலத்தை நீளத்தால் வகுத்து வரும் விகிதத்திலிருந்து வந்து விழுந்த கோணத்தைக் கணக்கிடலாம். அகலம் நீளத்தில் பாதி என்றால் 30 டிகிரி. பல துளிகளின் நீளவாக்கில் நூல் கட்டிப் பார்த்தால் அடி விழுந்தபோது ஆள் நின்றிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, தரையில் கிடந்தாரா என்று ஓரளவு தெரியும். லத்தியை ஓங்கும்போது அதன் நுனியிலிருந்து சிதறும் துளிகள் சுவரிலும் கூரையிலும் வரிசையாக ஏறும். குறைந்தது எத்தனை முறை ஓங்கினான் என்பதற்கு அதுவே கணக்கு. ‘தள்ளுமுள்ளுவில் விழுந்துவிட்டார்’ என்ற வழக்கமான கதை கூரைக் கறைக்கு முன்னால் நிற்காது.

துடைத்தாலும் தடம் இருக்கும். துளி முதலில் ஓரத்தில்தான் காயும். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால் நடுப்பகுதி போய்விடும், வளையம் நிற்கும். அந்த வளையம் இரண்டு சாட்சி சொல்கிறது. இங்கே ரத்தம் சிந்தியது, சிந்தி நேரமான பின் ஒருவன் துடைத்தான். கண்ணுக்குத் தெரியாமல் கழுவியிருந்தாலும் லூமினால் தெளித்து இருட்டில் பார்த்தால் நீலமாக ஒளிரும். முதற்கட்டச் சோதனை எந்த ரத்தத்துக்கும் நிறம் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் ஊரில் ‘அது மீன் ரத்தம்’ என்று ஒருவன் சொல்லித் தப்பிக்கலாம். மனித ரத்தமா என்ற அடுத்த சோதனையையும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த அறிவு நம் சாவுகளுக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை வாங்க 2022 மார்ச் வரை போராட வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பவர்மீது ரயில் ஏறினால் சிந்தும் ரத்தமும், எங்கோ கொன்று கொண்டுவந்து போட்ட உடலிலிருந்து வரும் ரத்தமும் ஒன்றல்ல. முதல் நாளே தண்டவாளத்துச் சல்லியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது. 1999 ஜூலை 23ஆம் தேதி தாமிரபரணியில் 17 பேர். கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள், லத்தியடிக்குப் பயந்து ஆற்றில் இறங்கினவர்கள். மூழ்கிச் செத்தார்கள் என்று ஆற்றின்மேல் பழியைப் போட்டது அரசு. ஆறு ரத்தத்தைக் கழுவிவிடும், அது அவர்களுக்கு வசதி.

2025 ஜூலை 27ஆம் தேதி, ஏரல் பக்கம் ஆறுமுகமங்கலத்துப் பிள்ளை கவின் செல்வகணேஷைப் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொன்றார்கள். குற்றம்சாட்டப்பட்டவனின் அப்பா அம்மா இருவருமே காவல் உதவி ஆய்வாளர்கள். குடும்பம் ஐந்து நாள் உடலை வாங்க மறுத்தது. நம் மக்களிடம் மிச்சம் இருக்கும் ஆயுதம் அதுதான். பிணவறை வாசலில் உட்கார்ந்து உடலுக்கு நாம் காவல் இருக்கிறோம். சம்பவ இடத்துக்கு யார் காவல்?

போலீசுக்குப் பயிற்சி என்றதும் கைதட்டுபவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவின் டெக்சாஸில் ஜோ பிரையன் என்ற பள்ளி முதல்வர் மனைவியைக் கொன்றார் என்று 30 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். டார்ச் விளக்கில் இருந்த புள்ளிகளைப் படித்துச் சாட்சி சொன்ன காவல் அதிகாரி படித்தது 40 மணி நேர வகுப்பு. அந்தச் சாட்சியம் தவறு என்று 2018இல் அந்த மாநிலத் தடய அறிவியல் ஆணையம் சொன்னது. இந்தத் துறையின் நிச்சயமின்மை மிகப் பெரியது என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமி 2009லேயே எச்சரித்திருந்தது. 2021இல் வெளியான ஆய்வில், தொழிலாகவே இதைச் செய்யும் 75 பேர் சொன்ன பதில்களில் ஏறத்தாழ 11 விழுக்காடு தப்பு. அனுபவசாலிகளின் லட்சணமே இப்படி என்றால், ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வரும் நம்மூர் ஆய்வாளர் யார் சட்டையில் புள்ளி தேடுவார்? பொய் வழக்குக்கு ஆள் தேடும்போது எந்தத் தெருவுக்கு ஜீப் வரும் என்று நமக்குத் தெரியாதா?

ஆகவே எங்கள் கோரிக்கை தெளிவானது. போலீசுக்குக் கொடுக்கும் பயிற்சி தொடாமல் இருப்பதற்கும், படம் எடுப்பதற்கும், பாதுகாப்பதற்கும் மட்டும் இருக்கட்டும். பொருள் சொல்லும் வேலை அவர்களுக்கு வேண்டாம். பொருள் சொல்லும் ஆய்வகம் காவல் துறையை நடத்தும் அதே உள்துறையின் கீழ் இருக்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி மாவட்ட ஆட்சியரும் கண்காணிப்பாளரும் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போவதற்கல்ல அந்த விதி. வரும்போது தடய வல்லுநரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரட்டும்.

போலீசுக்கு முன்னால் பயிற்சி தர வேண்டியவர்கள் வேறு சிலர். கிராம நிர்வாக அலுவலர், 108 ஊழியர், பிணவறை ஊழியர், எல்லாருக்கும் மேலாகத் துப்புரவுப் பணியாளர். இந்த நாட்டில் ரத்தத்தைக் கழுவ யாரைக் கூப்பிடுவார்கள்? வாளியும் விளக்குமாறும் யார் கையில் திணிக்கப்பட்டிருக்கின்றன? சிந்த வைத்தவன் நாற்காலியில் இருப்பான், கழுவுகிறவர் பெரும்பாலும் நம் அக்காவோ அண்ணனோ. மறுத்தால் வேலை போகும், கழுவினால் சாட்சியம் போகும். ‘எழுதிக் கொடுங்கள் ஐயா, கழுவுகிறேன்’ என்று கேட்க அவருக்கு உரிமை வேண்டும், கேட்டதற்காக வேலை போகாது என்ற அரசாணை வேண்டும். தடயத்தை மறைப்பது குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு. வன்கொடுமை வழக்கானால் 3(2)(vi) இருக்கிறது. மறைத்தவனுக்கு அந்த வன்கொடுமைக்கு உரிய தண்டனையே கிடைக்கும். எத்தனை வழக்கில் இதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நம் வழக்குரைஞர்கள் கேட்கத் தொடங்கட்டும்.

காவல் நிலையங்களின் கேமராப் பதிவைப் பொறுத்தவரை, 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேமரா பழுது என்ற பதில் வந்தால், எந்தத் தேதியில் பழுதானது, யாரிடம் புகார் கொடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

நம் உண்மை அறியும் குழுக்கள் இனி நோட்டும் பேனாவும் மட்டும் கொண்டு போனால் போதாது. ஓர் அளவுகோல் வேண்டும். கறைக்குப் பக்கத்தில் வைத்து நேர் எதிரே நின்று படம் எடுங்கள், சாய்த்து எடுத்தால் வட்டமும் நீள்வட்டமாகத் தெரியும். முதலில் முழு அறை, பிறகு சுவர், பிறகு துளி. கூரையை மறக்காதீர்கள். கறையைச் சுரண்டாதீர்கள், அது சட்டப்படி எடுக்க வேண்டியவர்களின் வேலை, நாம் தொட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். துணிகள் வீட்டாரிடமே திரும்பி வந்திருந்தால் துவைக்க விடாதீர்கள். நிழலில் காய வைத்துக் காகித உறையில் தனித்தனியாகப் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும். உறைமேல் தேதி, நேரம், கொடுத்தவர் கையெழுத்து. அன்றைக்கே நடுவர் நீதிமன்றத்தில் மனு.